நூறு மீட்டரும் ஒரு மீசையும்

கொக்கிலமேடு,
8-7-1973

அன்புள்ள மச்சான் மூர்த்திக்கு,

உன் அக்காள் புருஷன் சிங்காரம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் வயிற்றைத் தவிர. நேற்று ஓர் அவசரத்துக்குக் கட்டுமரத்தில் ஏறிக் கொஞ்ச தூரம் போனேன். ஏறியது தெரியும், இறங்கியது தெரியும், நடுவில் காலை நாஸ்தா முழுவதையும் கடலுக்குத் தானம் செய்துவிட்டேன். மாமல்லபுரத்துக் கரையில் கடலைக் கண்டு வாந்தியெடுக்கும் ஒரே மீனவன் நான்தான். அதனால்தான் கூடையைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு பஸ் ஏறுகிற பிழைப்பு. பஸ்ஸிலும் லேசாகக் குமட்டுகிறது. உன் அக்காள் சம்பூர்ணத்திடம் சொல்லிவிடாதே.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு ஒரு பெண் வந்திருக்கிறது. கடப்பாக்கம் இருசப்பனின் கடைசி மகள். பெயர் வேண்டா. மூன்று பெண்ணுக்குப் பிறகு நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் வைத்த பெயராம். அந்த வீட்டில் மூளை இருப்பது அவளுக்குத்தான் என்று மீன்காரிகள் பேசிக்கொள்கிறார்கள்.

போன ஞாயிறு இருசப்பன் நம் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டுக் கை கழுவும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"பையன் இன்னா வேலை?"

"ரயில்வேல கீறான்."

"ரயிலு ஓட்றானா?"

"இல்லிங்க. நீந்துறான்."

மனிதர் கை துடைப்பதை நிறுத்திவிட்டார். "ரயில்வேல எங்க தம்பி தண்ணி கீது?"

"தொட்டி மாதிரி குளம் கட்டி வெச்சிருக்காங்க. அதுல வேகமா நீந்தணும். ஜெயிச்சா ரயில்வேக்குப் பேரு."

"எவ்ளோ தூரம்?"

"நூறு மீட்டரு."

"அவ்ளோதானா? எங்கூர்ல நாய்கூட அத்தவிட அதிகமா நீந்தும். இதுக்குப் போயி மாசாமாசம் சம்பளமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து உன் அம்மாவின் குரல் வந்தது. "நாய்க்கு எவன் பென்சன் குடுக்கறான்? எம் புள்ளைக்குக் குடுப்பான்!"

பென்ஷன் என்றதும் இருசப்பன் மறுபடி உட்கார்ந்துவிட்டார். ஆனால் பொய் சொல்லிப் பெண் எடுக்கக் கூடாது பார். அதனால் உள்ளதைச் சொன்னேன்: வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, அக்டோபரில் மதராஸில் நடக்கிற அகில இந்தியப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் டிசம்பரோடு சரி. "வந்துருவானா?" என்றார். "மச்சான் தண்ணியிலயே பொறந்தவன்" என்று அளந்துவிட்டேன். ஆவணியில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவாகியிருக்கிறது.

உன் மாமா,
சிங்காரம்


பெரம்பூர்,
20-7-1973

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பெண் விஷயத்தில் என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் சரியென்றுதான் சொல்லியிருப்பேன். இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

தண்ணீரில் பிறந்தவன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். இங்கே என் தொல்லையே அதுதான். கடலில் நாம் தலையைத் தூக்கி அலையைப் பார்த்துப் பார்த்து நீந்துகிறோம். குளத்தில் முகம் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், அடியில் போட்டிருக்கும் கறுப்புக் கோட்டைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் கோச் மோசஸ் சார், கரையில் மூங்கில் கழியோடு கூடவே நடந்து வருவார். "டேய், இன்னாத்தடா எட்டி எட்டிப் பாக்குற? இங்க அலையும் வராது, உங்க ஊரு படகும் வராது. தலைய உள்ள போடு!" தலையை உள்ளே போட எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

இப்போது நாலாவதாக வருகிறேன். கடைசி மூன்று போட்டியிலும் நாலாவது. மூன்றாவதுக்கும் எனக்கும் நகத்தளவுதான் வித்தியாசம். ஆனால் நாலாவதாக வந்தவனைப் பெயர்கூட யாரும் கேட்பதில்லை மாமா. துண்டை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டியதுதான்.

ஆகஸ்ட் முதல் வாரம் மாநிலப் போட்டி. அதில் முதல் இரண்டு பேருக்குத்தான் அகில இந்தியப் போட்டியில் இடம். அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யச் சொல்லியிருக்கிறார் சார். சின்ன விஷயம்தான். கடிதத்தில் எழுத யோசனையாக இருக்கிறது, நேரில் சொல்கிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

மூர்த்தி


கொக்கிலமேடு,
16-8-1973

மச்சான்,

'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. உன் அம்மா நலமாக இருக்கிறார் என்பதுதான் இப்போது வீட்டில் பிரச்சினை.

போன வாரம் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பேப்பரில் உன் பெயர்! மாநிலப் போட்டி, நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல், இரண்டாவது இடம், மேலே போட்டோ! பாதி டீயை வைத்துவிட்டு, கடையில் தொங்கிய பேப்பர் அத்தனையையும் வாங்கினேன். மீன் கூடையை மறந்துவிட்டேன், பூனை மறக்கவில்லை. போகிறவன் வருகிறவனிடமெல்லாம் காட்டினேன். ஒன்றைக் கண்டக்டரிடம் கொடுத்து, கடப்பாக்கத்தில் இருசப்பனிடம் சேர்த்துவிடு என்று சொல்லியனுப்பினேன். இவ்வளவும் செய்தவன் அந்தப் போட்டோவில் முகத்தை ஒழுங்காகப் பார்க்கவில்லை. கீழே போட்டிருந்த பெயரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் நீட்டினேன். அவருக்குப் படிக்கத்தான் தெரியாது, பார்க்கத் தெரியும்.

"யாரு மாப்ள இது?"

"இன்னா அத்தே, நம்ம மூர்த்தி."

"மீசை எங்க?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். தலை பளபளவென்று மொட்டை, மீசையும் சுத்தம். எனக்குக் குளத்துக்குள் விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

"அவுங்கப்பன் போயி எத்தினி வருசமாவுது? இப்ப யாருக்கு மொட்ட போட்டான்? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கசொல்ல எனக்கே கருமாதி பண்ணிட்டானா?"

அன்று ராத்திரி அடுப்பு எரியவில்லை. சரி, விடிந்தால் தணிந்துவிடும் என்று நினைத்தேன். விடிந்ததும் இருசப்பன் வந்தார். கையில் ரோஜா மாலை, கக்கத்தில் கோடிப் புடவை, பின்னால் சொந்தக்காரர்கள் நாலு பேர். கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறார் மனிதர்: பையன் மீசையையும் சேர்த்து மொட்டை, அப்பன் எப்போதோ போயாகிவிட்டது, ஆகவே போனது ஆத்தாள்.

அத்தை வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். "வா சம்பந்தி, இன்னா காலையிலயே? மாலை யாருக்கு?"

இருசப்பன் மாலையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "இல்ல... உனக்குத்தான் கொண்டாந்தேன்" என்று சொல்லிவிட்டார். வேறு என்னதான் சொல்வார் பாவம்!

அதற்குமேல் பேசியதையெல்லாம் எழுதினால் தபால்காரர் என்னைப் போலீசில் பிடித்துக் கொடுப்பார். உன் அக்காள்தான் மாலையை வாங்கிக் கடலில் போட்டுவிட்டு வந்தாள். சாவு மாலையோடு வந்த காலில் நல்ல காரியம் பேசக் கூடாது என்று இருசப்பனும் கிளம்பிவிட்டார். ஆவணி வெற்றிலை பாக்கு நின்றுபோயிற்று.

இன்னா மச்சான் இது? உடனே பதில் எழுது. எழுதிக்கொண்டே மீசையும் வளர்.

சிங்காரம்


பெரம்பூர்,
25-8-1973

மாமா,

படித்ததும் முதலில் சிரித்துவிட்டேன். பிறகு சாப்பிடப் பிடிக்கவில்லை.

சார் சொன்ன காரியம் அதுதான். போட்டிக்கு முந்தின நாள் உடம்பு முழுவதும் சவரம் செய்துகொள்ள வேண்டும். தலை, மீசை, மார்பு, கை, கால் எல்லாம். முடி தண்ணீரைப் பிடித்து இழுக்குமாம். வெளிநாட்டில் எல்லோரும் செய்கிறார்கள். ரப்பர் தொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்தார், குதித்ததும் அது எனக்கு முன்னால் நீந்திப் போய்விட்டது.

ஒரு மீசை எவ்வளவு இழுக்கும் என்று எனக்குத் தெரியாது மாமா. ஆனால் அன்று குதித்தபோது நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து தண்ணீரில் கிடப்பவன் நான். அன்றுதான் தண்ணீர் முதன்முதலாக என் மேல் பட்ட மாதிரி இருந்தது. நெற்றியில், உதட்டுக்கு மேலே, முழங்காலுக்குப் பின்னால் எல்லா இடத்திலும் அது நகர்வது தெரிந்தது. எதை எங்கே பிடித்துத் தள்ளவேண்டும் என்று கைக்குத் தானாகத் தெரிந்தது. பக்கத்து லேனில் யார் என்ற பயமே வரவில்லை. நாலாவது ஆள் இரண்டாவதாக வந்துவிட்டேன்.

அகில இந்தியப் போட்டிக்கும் முந்தின நாள் இதைச் செய்ய வேண்டும். இதை அம்மாவுக்குப் பக்குவமாகச் சொல்லுங்கள். அவரை நினைத்து நான் மொட்டை போடவில்லை. நினைத்திருந்தால் போட்டிருக்கவே மாட்டேன், அதுதான் உண்மை.

ஒன்று கேட்கிறேன். மீசையைப் பற்றி இவ்வளவு பேசினாரே, நான் எத்தனையாவதாக வந்தேன் என்று அம்மா கேட்டாரா?

மூர்த்தி


கொக்கிலமேடு,
6-9-1973

மச்சான்,

கேட்கவில்லை. பொய் சொல்ல மனசு வரவில்லை.

நீ எழுதியதைப் பக்குவமாகச் சொல்லச் சொன்னாய். என் பக்குவம் உனக்குத் தெரியுமே. கால் முடியை மறைத்துவிட்டுத் தலை முடியிலிருந்து தொடங்குவோம் என்று நினைத்தேன், வாய் நேராகக் காலுக்குப் போய்விட்டது. "காலையுமா வழிச்சான்? பொம்பள வேசம் கட்டப் போறானா?" என்று ஒரு பாட்டம் நடந்தது. இப்போது நாலு தெருவுக்கும் தெரியும். நான் சொல்லவில்லை, உன் அக்காளிடம் மட்டும்தான் சொன்னேன்.

எனக்கு ஒரு யோசனை. போன வருஷம் ஒலிம்பிக்கில் ஒரு வெள்ளைக்காரன் மீசையோடு நீந்தி ஏழு தங்கம் வாங்கினானே! டீக்கடையில் பேப்பர் படித்துக் காட்டினார்கள், போட்டோவில் மீசை என்ன அழகு. அவனை இழுக்காத மீசை உன்னை மட்டும் ஏன் இழுக்கிறது? மற்றதையெல்லாம் வழித்துக்கொள், மீசையை மட்டும் விட்டுவை. மோசஸ் சாரிடம் நான் சொன்னதாகச் சொல். வேண்டாம், நான் சொன்னதாகச் சொல்லாதே.

கடப்பாக்கத்துக்கும் போய்ப் பார்த்தேன். இருசப்பன் முகம் கொடுத்துப் பேசவில்லை. பக்கத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த வேண்டாதான், தலை நிமிராமல் கேட்டாள்: "மீசை போனா ஒரு மாசத்துல மொளச்சுரும். வேலை போனா மொளைக்குமா மாமா?" அவள் அப்பா "உள்ள போடி" என்றார். போகவில்லை. எனக்குப் பிடித்துப்போயிற்று.

இதை அப்படியே வந்து அத்தையிடம் சொன்னேன். "வாய் நீளம்" என்றார். அப்புறம் அவர் சொன்னதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. எழுதினால் உனக்கு வராது. எழுதிவிடுகிறேன்: "இன்னொரு தபா மீசைய எடுத்தான்னா, மெய்யாலுமே நான் போறப்ப கொள்ளி வைக்க வர வேணாம்னு சொல்லிடு."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உனக்குத் தெரியுமே, அத்தை பகலில் படுக்கிறவர் இல்லை.

சிங்காரம்


பெரம்பூர்,
18-9-1973

மாமா,

அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். மீசையை எடுக்கப் போவதில்லை. எதையுமே எடுக்கப் போவதில்லை.

ஏழு தங்கம் வாங்கியவனுக்கு மீசை போக மற்றதெல்லாம் இருக்கிறது. எனக்கு அந்த நகத்தளவுதான் இருக்கிறது. நேற்று எங்கள் ஆபீசுகளுக்குள் நடந்த போட்டியில் இருக்கிற மீசை முடியோடு நீந்திப் பார்த்தேன். ஐந்தாவது. மோசஸ் சார் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "மீசையோட ஒரு போட்டோ எடுத்துக்கோடா, கல்யாண ஆல்பத்துக்கு நல்லாருக்கும்" என்றார்.

போட்டிக்கு வருவேன், நீந்துவேன். ஆனால் முதல் மூன்றில் வருவேன் என்று இனி யாரிடமும் அளக்க வேண்டாம். டிசம்பரோடு ஊருக்கு வந்துவிடுகிறேன். யாருடைய கட்டுமரத்திலாவது எனக்கு ஓர் இடம் சொல்லிவையுங்கள். துடுப்புப் போடக் கை மறந்திருக்காது.

வேண்டாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

மூர்த்தி


கொக்கிலமேடு,
25-9-1973

அருமை மச்சான்,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்துகொள்.

உன் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். 'மீசையை எடுக்கப் போவதில்லை' என்ற இடத்தில் வெற்றி பெற்ற மாதிரி வெற்றிலையை எடுத்தார். ஐந்தாவது என்றபோது பாக்கை வாயில் போட்டுக்கொண்டார். கட்டுமரத்தில் இடம் என்று படித்தேன் பார், சுண்ணாம்பு தடவிய விரல் அப்படியே நின்றுவிட்டது.

"அத்த திருப்பிப் படி."

படித்தேன்.

"இன்னொரு தபா."

படித்தேன். வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். கடல் அன்று கறுப்பாகக் கிடந்தது. உன் அப்பா போன மரத்தின் கட்டை ஒன்றுகூடக் கரை சேரவில்லை என்பதைப் பற்றி இவ்வளவு வருஷமாக அவர் எங்களிடம் ஒரு தடவையும் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. திரும்பி வந்து, "கட்டுமரம் ஏர்றதுக்கா அவன பட்டணத்துக்கு அனுப்பினேன்? அந்தத் தொட்டித் தண்ணியில அலை கீதா மாப்ள?" என்று கேட்டார்.

"கெடையாது அத்தே. இடுப்பளவுதான் ஆழம் சில எடத்துல."

"அப்ப அதுலயே இருக்கட்டும்."

அதற்கப்புறம் உன் அம்மா செய்ததைக் கேள். மறுநாள் காலை, கரையில் மீன் ஏலம் நடக்கிற நேரம். நாலு குப்பத்து ஜனமும் அங்கேதான். அத்தை நடுவில் போய் நின்றுகொண்டு தொண்டையைத் திறந்தார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! எம் புள்ள மூர்த்தியோட முடி பூரா திருப்போரூர் முருகனுக்கு நேந்துகினு ரெண்டு வருசமாவுது. நாந்தான் பாவி, மறந்து பூட்டேன். போன மாசம் சாமியே முந்திக்கினாரு, அதான் அவன் கை தானா கத்திய எடுத்துகிச்சு. இப்ப முறையா கொண்டும்போயி குடுக்கப் போறேன். மாலை எத்தினுகினு வந்தவங்க யாராச்சும் கீறீங்களா? அவங்களும் வந்து பாக்கட்டும்!"

சாவு மொட்டை அந்த நிமிஷமே வேண்டுதல் மொட்டையாகிவிட்டது. சாமிக்குக் கொடுத்த மீசையைப் பற்றி யார் பேச முடியும்?

வீட்டுக்கு வரும் வழியில் மெல்லக் கேட்டேன், "ரெண்டு வருசமாவா அத்தே?"

"முருகனே சும்மா கீறாரு, உனுக்கு இன்னா?"

ஆக, போட்டிக்கு முந்தின நாள் காலை நீ திருப்போரூர் கோயில் குளத்தங்கரைக்கு வந்துவிடு. அத்தை இங்கிருந்து தனியாகவே பஸ்ஸில் வருகிறார். என்னைக் கூப்பிடவில்லை. நான் வந்தால் பாதி வழியில் எனக்குத்தான் முதலுதவி தேவைப்படும் என்கிறார்.

சிங்காரம்


பெரம்பூர்,
5-10-1973

மாமா,

நாளை சாயங்காலம் போட்டி. காலையில் தகுதிச்சுற்று. நீங்கள் அம்மாவோடு வரும்போது இதை உங்கள் கையில் கொடுக்கச் சொல்லி நீச்சல் குளத்து வாசலில் இருப்பவரிடம் கொடுத்து வைக்கிறேன். போட்டி முடிந்ததும் ரயில்வே அணியோடு பயிற்சி முகாமுக்கு ரயில் ஏற வேண்டியிருக்கலாம். பேச நேரம் கிடைக்குமோ என்னவோ.

இன்று திருப்போரூரில் எனக்கு முன்பே அம்மா வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருசப்பன், துண்டும் கையுமாக. என்னைப் பார்த்ததும் அம்மா எழுந்து வந்தார். மீசையை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, "உக்காரு" என்றார்.

தலை முடிந்தது, மீசை முடிந்தது. நாவிதர் கத்தியைத் துடைத்து மடக்கினார்.

"இன்னாயா மடக்கற? கையி காலு மாரு எல்லாம் கீது பாரு."

"இன்னாம்மா சொல்ற? தலைக்குத்தான் சீட்டு. சாமிக்குக் கால் முடி எதுக்கு?"

"மத்தவங்க தலைய மட்டும் குடுக்கறாங்க. நான் முழுப் புள்ளையும் நேந்துகினேன்."

"எங்க தாத்தா காலத்துலேந்து இங்க உக்காந்துகினு கீறோம். காலக் கேட்ட முருகன நான் பாத்ததில்லம்மா."

"இப்ப பாத்துக்கோ."

சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. நாவிதர் என் முழங்காலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் கத்தியை எடுத்துவிட்டார். இருசப்பன் வெட்கப்பட்டுத் துண்டை விரித்து மறைப்புப் பிடித்தார். மாமனார் பிடித்த துண்டுக்குள் கால் மழித்துக்கொண்ட மாப்பிள்ளை இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொல்கிறேன். மீசையில் கத்தி வைத்தபோது அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார். என் கையை மட்டும் விடவில்லை. முடிந்ததும் அவரே தலையில் சந்தனம் பூசிவிட்டார். போன தடவை சந்தனம் இல்லாமல் நின்றதுதான் தப்பாம். போட்டோ எடுத்தாலும் சந்தனம் தெரிகிற மாதிரி நிற்கவேண்டுமாம். நீச்சல் குளத்தில் அதிகாரி ஒருவர் பார்த்துவிட்டு, கழுவினால்தான் இறங்கவிடுவேன் என்று சொல்லிவிட்டார். கழுவிவிட்டேன். அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

சாயங்காலம் குளத்தில் இறங்கிப் பார்த்தேன். தண்ணீர் மறுபடியும் பட்டது மாமா.

மூர்த்தி


கொக்கிலமேடு,
11-10-1973

அன்புள்ள மச்சான்,

நீ தண்ணீருக்குள் இருந்தாய், உனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. மேலே நடந்ததை நான் எழுதுகிறேன். நடுவில் எனக்குக் குமட்டிய இடங்களை விட்டுவிடுகிறேன். குளத்தையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் வரும்.

கேலரியில் அத்தை, உன் அக்காள், இருசப்பன், நான். வேண்டாவும் வந்திருந்தாள். அவள் அப்பா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாராம், பெயர்தான் அப்படியே தவிர அந்தச் சொல் அவள் காதில் விழுவதில்லை. எட்டுப் பேர் வரிசையாக வந்து நின்றீர்கள். அதில் ஐந்து பேர் மொட்டை! அத்தை மார்பில் கையை வைத்துக்கொண்டார். "ஐயோ பாவமே, இத்தினி பேருக்குமா ஆத்தா பூட்டா?" இருசப்பன்தான், "இல்ல சம்பந்தி, அவங்களும் நேந்துகினு இருப்பாங்க" என்று சமாதானம் சொன்னார்.

விசில் அடித்தது. எட்டுப் பேரும் பாய்ந்தீர்கள். தண்ணீருக்குள் போனதும் எந்த மொட்டை எங்கள் மொட்டை என்று எங்களுக்குத் தெரியவில்லை. நான் ஓரத்து லேன்காரனுக்காகக் கத்திக்கொண்டிருந்தேன். வேண்டாதான் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அங்க இல்ல மாமா, நாலாவது லேன்ல!" என்றாள்.

அந்தப் பக்கச் சுவரைத் தொட்டுத் திரும்பும்போது நீ ஐந்தாவது. நான் உட்கார்ந்துவிட்டேன். அத்தை எழுந்துவிட்டார். அலையைத் தாண்டி வருகிற மரத்துக்குக் கரையிலிருந்து கூப்பிடுவார்களே, அந்தக் குரல். கையில் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு, "வாடா! வாடா! கரை தெரியுது வாடா! உட்றாத!" கேலரி முழுவதும் உங்களை விட்டுவிட்டு அத்தையைப் பார்த்தது. நாலாவது. இன்னும் கொஞ்சம். அப்புறம் மூன்று கை ஒன்றாகச் சுவரைத் தொட்ட மாதிரி இருந்தது.

அதிகாரிகள் தலையோடு தலை முட்டிப் பேசினார்கள். ஒலிபெருக்கியில் உன் பெயர் மூன்றாவதாக வந்தது. நாலாவது ஆள் துண்டை எடுத்துக்கொண்டு போனான், பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

இருசப்பன் என் காதைக் கடித்தார்: "மூணாவதுக்கும் பென்சன் உண்டா தம்பி?" மோசஸ் சாரைப் போய்க் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, மூங்கில் கழியைத் தூக்கிப்போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். அவர் உடம்பெல்லாம் ஈரம், நானும் முழங்கால்வரை நனைந்துவிட்டேன். உண்டு என்றுதான் அர்த்தமாம். ஐப்பசியில் வெற்றிலை பாக்கு.

நீ ரயிலுக்குப் போய்விட்டாய், அத்தைக்கு உன்னிடம் பேசக் கிடைக்கவில்லை. பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அழுகிறாரோ என்று நினைத்தேன். திருப்போரூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"மொத ரெண்டு பேரு எந்த ஊரு மாப்ள?"

"மொதல்ல வந்தவன் கல்கத்தா அத்தே. ரெண்டாவது பம்பாய்."

"அவங்க எந்தச் சாமிக்கு நேந்துகினாங்கன்னு மூர்த்திய கேட்டு எழுதச் சொல்லு. அடுத்த தபா அங்கயே போயிடலாம்."

திருப்போரூரைத் தாண்டின பிறகுதான் சொன்னார், அந்த மரியாதை இருக்கிறது.

பதில் எழுது.

உன் மாமா,
சிங்காரம்


பயிற்சி முகாம், பாட்டியாலா,
29-10-1973

அன்புள்ள மாமா, அம்மா, அக்கா எல்லோருக்கும்,

இங்கே குளிர். ரொட்டிதான். வேலை நிரந்தர உத்தரவு வந்துவிட்டதென்று மோசஸ் சார் தந்தி அடித்திருக்கிறார். அடுத்த வருஷம் வரை இங்கேயும் பெரம்பூரிலுமாக நீந்தச் சொல்கிறார்கள். இங்கே இருப்பவர்களில் நான்தான் மெதுவானவன். அது எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது, எதிரில் எப்போதும் யாராவது இருக்கிறார்கள்.

கல்கத்தாக்காரன் என் அறையில்தான் இருக்கிறான். அரைகுறை இந்தியில் அம்மா கேட்டதைக் கேட்டேன். அவன் எந்தச் சாமியிடமும் வேண்டிக்கொள்ளவில்லையாம். திருப்பி அவன் ஒன்று கேட்டான்: கடைசியில் கேலரியிலிருந்து ஒரு பெண்பிள்ளை கத்தினாரே, அவர் யார்? மூச்சு எடுக்கத் தலையைத் திருப்பும்போதெல்லாம் அந்தக் குரல் அவன் காதில் விழுந்ததாம். யாரோ மூழ்குகிறார்களோ என்று பயந்து, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டுக் கரைக்கு வந்தானாம். இல்லாவிட்டால் இரண்டாவதாகத்தான் வந்திருப்பானாம். உன் அம்மாவுக்கு என் நன்றியைச் சொல் என்கிறான்.

மாமா, அவன் இடது பக்கம் மூச்சு எடுப்பவன். நான் வலது பக்கம். திரும்பி வரும்போது கேலரி எனக்கு இடது பக்கத்தில் இருந்தது. அம்மா அவ்வளவு கத்தியும் எனக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வருஷம் அவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள். கேலரிக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் மதில் சுவரில் ஏற்றியாவது, எனக்கு வலது பக்கமாக உட்கார வையுங்கள்.

மூர்த்தி